10 நாட் காற்றில் பலகை எழும்ப: பம்பிங்கா, பெரிய பாயா, அகலப் பலகையா, ஃபாயிலா?

சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரையில் விண்ட்சர்ஃபிங் (பாய் பூட்டிய பலகையில் நின்று காற்றால் ஓடுவது) செய்கிறவர்களுக்குக் கோடைப் பிற்பகல் எப்படி இருக்கும் என்று தெரியும். நண்பகலை ஒட்டித் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று உள்ளே வரும். வேகம் 8 நாட் (knot; ஒரு நாட் மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.), 10 நாட், நல்ல நாளில் 13 நாட். ராமேஸ்வரம் பக்கம் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் கிடைக்கிற தொடர்ச்சியான வேகம் இங்கே கிடைக்காது. பாயைப் பிடித்து நின்றால் பலகை தண்ணீரைத் தள்ளிக்கொண்டு மெதுவாக நகரும். இன்னும் கொஞ்சம் காற்று வந்தால் எழும்பிவிடும் என்று தோன்றும், ஆனால் எழும்பாது. கரைக்கு வந்ததும் பேச்சு தொடங்கும்: 'இன்னும் பெரிய பாய் வாங்கணும்.'

வாங்குவதற்கு முன் யோசிக்க வேண்டும். இந்தக் காற்றில் ப்ளேனிங் பிடிக்க, அதாவது பலகை தண்ணீரின் மேல் எழும்பி வழுக்கி ஓட, நான்கு வழிகள் இருக்கின்றன. உடலால் பம்ப் செய்யும் (பாயைத் திரும்பத் திரும்ப இழுத்து விடும்) திறமையை வளர்ப்பது, பாயைப் பெரிதாக்குவது, பலகையை அகலமாக்குவது, ஃபின்னை (பலகையின் அடியில் உள்ள செதிலை) கழற்றிவிட்டு ஃபாயில் (தண்ணீருக்குள் ஓடும் இறக்கை) மாட்டுவது. நான்கும் ஒரே பலனைத் தருவதில்லை. என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். உங்கள் இடத்தில் காற்று பெரும்பாலும் 11 நாட்டுக்கு மேல் என்றால், முதல் பருவத்தைப் பம்பிங் பழகச் செலவிடுங்கள். அதன் பிறகும் போதவில்லை என்றால் பலகையை மாற்றுங்கள். 10 நாட்டுக்குக் கீழேயே நிற்கிறது, தண்ணீரும் ஆழம் என்றால் ஃபாயிலுக்குப் போய்விடுங்கள். எல்லோரும் முதலில் வாங்குகிற பெரிய பாயை நான் கடைசியில்தான் வைப்பேன்.

காரணம் புரிய, பலகை எழும்புவது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

மெதுவாகப் போகும்போது பலகை தண்ணீரை விலக்கிக்கொண்டு போகிறது. முன்னால் ஓர் அலை எழும், பின்னால் ஓர் அலை எழும். அந்த இரண்டுக்கும் நடுவே பலகை சிக்கிக்கொள்ளும். 2.4 மீட்டர் நீளப் பலகைக்கு இந்த நிலையின் எல்லை 4 நாட்டுக்குச் சற்றுக் குறைவு. அதைத் தாண்ட வேண்டுமானால் தன் முன்னலை மேலேயே பலகை ஏறியாக வேண்டும். ஏறும் அந்தச் சில நொடிகளில் தண்ணீரின் எதிர்ப்பு மிக அதிகம். ஏறி முடித்துவிட்டால் பலகையின் பின்பகுதி மட்டும் தண்ணீரைத் தொடும், எதிர்ப்பு குறையும், வேகம் கூடும். பாலத்து ஏற்றத்தில் சைக்கிளை எழுந்து நின்று நாலு மிதி மிதித்து ஏற்றிவிட்டால் மறுபக்கம் தானாக ஓடுகிறதே, அதே கணக்குதான்.

இன்னொன்றும் நடக்கிறது. 10 நாட் காற்றுக்குக் குறுக்கே 4 நாட் வேகத்தில் போகிறீர்கள் என்றால் உங்கள் பாயில் படும் காற்று ஏறக்குறைய 10.8 நாட். அதே காற்றில் பலகை எப்படியோ 12 நாட் வேகம் பிடித்துவிட்டால் பாயில் படும் காற்று 15.6 நாட். காற்றின் விசை வேகத்தின் இருமடிப்படி கூடுவதால் பாயின் மேல் விழும் விசை இரண்டு மடங்காகிறது. அந்தக் காற்று முன்பக்கமாகத் திரும்பி வருவதால் முழுப் பலனும் ஓட்டத்துக்குக் கிடைக்காதுதான். இருந்தாலும் எழும்பிய பலகை தன் காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. அதனால்தான் எழும்புவதற்குத் தேவையான காற்றைவிட, எழும்பிய நிலையில் தொடர்வதற்குத் தேவையான காற்று குறைவு. இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. நடுத்தர எடையுள்ள ஒருவருக்கு, சாதாரண ஃப்ரீரைடு (பொழுதுபோக்குக்கான) பலகையில் அது சுமார் 2 நாட் என்று வைத்துக்கொள்ளலாம். நம் கடற்காற்று பெரும்பாலும் இந்த இடைவெளிக்குள்தான் வீசுகிறது. அதைத் தாண்டவைப்பது பம்பிங். மற்ற மூன்று வழிகளும் இடைவெளியை அப்படியே விட்டுவிட்டு, இரண்டு எல்லைகளையும் சேர்த்துக் கீழே இறக்குகின்றன.

பம்பிங்

பம்பிங் என்றால் பாயை வேகமாக ஆட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். கரையிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் கைகளால் மட்டும் ஆட்டினால் பலகை காற்றுப் பக்கம் திரும்பி நின்றுவிடும்.

முதல் வேலை கண்ணுக்கு. காற்று வரும் பக்கம் பாருங்கள். தண்ணீர் கருத்து, சிற்றலைகள் நெருக்கமாக ஓடி வரும் பட்டை ஒன்று தெரியும். அதுதான் வீச்சு. அது உங்களைத் தொடும்வரை பம்ப் செய்யக் கூடாது. காற்று தணிந்த நேரத்தில் போடுகிற உழைப்பு முழுதும் வீண். பழகியவர்களும் புதியவர்களும் செலவழிக்கிற சக்தியில் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது.

அடுத்தது கோணம். காற்றுக்குக் குறுக்கே போகும்போது பலகை எழும்புவது கடினம். வீச்சு வந்து தொடும்போது மாஸ்டை (பாயைத் தாங்கும் கம்பத்தை) முன்பக்கம் சாய்த்து, பலகையின் மூக்கைக் காற்றிலிருந்து விலக்குங்கள். காற்று வரும் திசையிலிருந்து 110 முதல் 120 பாகை வரை. இந்தக் கோணத்தில் பாயின் இழுப்பு பக்கவாட்டில் வீணாகாமல் முன்னோக்கிக் கிடைக்கும். எழும்பிய பிறகு மீண்டும் குறுக்கே திரும்பிக்கொள்ளலாம். காற்றுப் பக்கம் பிடித்த இடத்தைக் கொஞ்சம் இழந்துவிடுவோமே என்று பயந்து மூக்கைத் திருப்பாமலே இருப்பவர்கள் நாள் முழுக்க மெதுவாகவே ஓடுவார்கள்.

கால்களுக்கும் வேலை உண்டு. முன்கால் முன்ஸ்ட்ராப்புக்கு (பலகையில் பாதம் நுழைக்கும் பட்டைக்கு) சற்று முன்னால், பின்கால் பலகையின் நடுக்கோட்டில், இரண்டு ஸ்ட்ராப்புகளுக்கும் நடுவே. ஸ்ட்ராப்புக்குள் இப்போதே போகக் கூடாது. பின்கால் ஸ்ட்ராப்புக்குப் போன உடனே வால் மூழ்கி, மூக்கு மேலே நிமிர்ந்து, ஏற வேண்டிய மேடு இன்னும் உயரமாகிவிடும். பலகை இடம் வலம் சாயாமல் தட்டையாக இருக்க வேண்டும்.

இப்போது பம்ப். பாயை முன்னாலும் உங்களை விட்டு வெளியிலும் தள்ளி, கைகளை நீட்டுங்கள். பிறகு உடல் எடை முழுவதையும் பூமில் (கையால் பிடிக்கும் குறுக்குத் தண்டில்) தொங்கவிட்டு, பாயை உங்களை நோக்கி இழுங்கள். முன்கை முதலில், பின்கை அதைத் தொடர்ந்து. பின்கையால் மட்டும் இழுத்தால் பாய் மூடி, பலகை காற்றுப் பக்கம் திரும்பும். உடல் எடை பூமில் தொங்கும்போது காலிலிருந்து எடை குறைந்து, அது மாஸ்ட் அடி வழியாகப் பலகையின் நடுவில் இறங்குகிறது. வால் மூழ்காமல் பலகை முன்னேறுவதற்கு இதுவே காரணம். கைவலிமையைவிட இந்த எடைமாற்றம்தான் முக்கியம் என்று அடித்துச் சொல்வேன். ஒல்லியான பெண்கள் பலர் தடித்த தோள்காரர்களுக்கு முன்னால் எழும்பிப் போவதற்கு ரகசியம் எதுவும் இல்லை, எடை குறைவும் இந்த ஒழுங்கும்தான்.

முதல் இரண்டு மூன்று இழுப்பு நீளமாக, நிதானமாக இருக்கட்டும். பலகை நகர ஆரம்பித்ததும் இழுப்பைக் குறுக்கி வேகமாக்குங்கள். கவனிக்க வேண்டிய அறிகுறி ஒன்று உண்டு. பக்கவாட்டில் தெறிக்கும் தண்ணீர் முதலில் மாஸ்ட் அடி அருகே இருக்கும். பலகை ஏறும்போது அது பின்னோக்கி நகர்ந்து உங்கள் கால் பக்கம் வரும், பலகைக்குக் கீழே தண்ணீர் தட்டுகிற சத்தமும் மாறும். அந்த நொடியில் பம்பிங்கை நிறுத்தி, பாயைச் சீராகப் பிடித்து, ஹார்னஸ் (இடுப்பில் கட்டும் பட்டை) கொக்கியைப் பூமின் கயிற்றில் மாட்டி, முன்காலை ஸ்ட்ராப்பில் நுழைத்து, மெதுவாகக் குறுக்கே திரும்புங்கள். பின்கால் கடைசி. ஏழெட்டு இழுப்பில் இந்த அறிகுறி வரவில்லை என்றால் விட்டுவிட்டு அடுத்த வீச்சுக்குக் காத்திருங்கள்.

அலையும் இலவசமாக உதவும். நம் கடற்கரையில் தென்கிழக்குக் காற்று வீசும்போது வடகிழக்கு நோக்கிக் கடலுக்குள் போகும் ஓட்டத்தில் மூக்கைச் சற்று வடக்கே திருப்பினால், தெற்கிலிருந்து வரும் நீண்ட அலை பின்னாலிருந்து வாலைத் தூக்கும். வால் தூக்கும் நேரமும் வீச்சும் சேர்ந்து வரும்போது இழுத்தால், தனிக் காற்றில் எழும்பாத பலகை எழும்பிவிடும். கரை நோக்கித் திரும்பும் ஓட்டத்தில் இந்த உதவி அவ்வளவு கிடைக்காது. அதனால் பழகுவதற்கு வெளியே போகும் ஓட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்.

பம்பிங் எவ்வளவு பலமான கருவி என்பதற்குப் பாய்மரப் பந்தய விதிகளே சாட்சி. உலகப் பொதுவிதி 42 படி சாதாரணப் பாய்ப்படகுக்காரர்கள் ப்ளேனிங் தொடங்க, ஒரு அலைக்கோ ஒரு வீச்சுக்கோ ஒரே ஒரு முறைதான் பாயை இழுக்கலாம். விண்ட்சர்ஃபிங் பந்தயத்துக்கு இந்தத் தடை இல்லை. 2008 முதல் டோக்கியோ வரை ஒலிம்பிக்கில் இருந்த ஆர்எஸ்:எக்ஸ் பலகையில், காற்று குறைந்த நாட்களில் பந்தயம் முழுவதும் வீரர்கள் பம்ப் செய்துகொண்டே போவார்கள். 2023 செப்டம்பரில் ஹாங்சோ ஆசியப் போட்டியில் இந்தியாவின் எபாத் அலி வெண்கலம் வாங்கியதும் இந்தப் பலகையில்தான்.

இதனோடு சேர்த்துப் பாயின் கட்டுமானத்தையும் சரிசெய்யுங்கள். அவுட்ஹாலை (பாயைப் பூமின் பின்முனைக்கு இழுக்கும் கயிற்றை) நன்றாகத் தளர்த்தி, பாய்க்கு வயிறு வரவிடுங்கள். டவுன்ஹாலை (பாயைக் கீழ்நோக்கி இழுக்கும் கயிற்றை) பாயில் அச்சிட்ட குறைந்தபட்ச அளவுக்குக் கீழே தளர்த்த வேண்டாம். பாயின் மேல்பகுதி திறக்காமல் இறுகிப்போய், பம்ப் செய்தாலும் காற்று வெளியேறாது. பூமைத் தோள் உயரத்துக்கு ஏற்றுங்கள். இவை எல்லாம் செலவில்லாத வேலை.

செலவில்லை என்பதற்காகக் குறையே இல்லை என்று சொல்லவில்லை. உடல் களைக்கும். முழங்கையிலோ தோளிலோ பழைய காயம் இருப்பவர்களுக்கு இது சரிப்படாது. அதோடு, காற்று தொடர்வதற்கான எல்லைக்கும் கீழே போய்விட்டால் எவ்வளவு பம்ப் செய்தாலும் சில நொடி ஓடிப் பலகை உட்கார்ந்துவிடும். அந்த நாளில் பம்பிங் உதவாது.

பெரிய பாய்

இங்கே கணக்கு போட்டுப் பார்ப்பது நல்லது. காற்றின் விசை வேகத்தின் இருமடிப்படி மாறும் என்றேன். 14 நாட்டிலிருந்து 10 நாட்டுக்குக் காற்று இறங்கினால் விசை ஏறக்குறைய பாதியாகிறது. அதைப் பாயால் மட்டும் ஈடுகட்ட வேண்டும் என்றால் பாயின் பரப்பு இருமடங்காக வேண்டும். 6.5 சதுர மீட்டர் பாய் வைத்திருப்பவர் 13 சதுர மீட்டர் பாய் வாங்கவா முடியும்? நடைமுறையில் 8.5 வாங்குவார். பரப்பு 31 சதவீதம் கூடும். ஆனால் எழும்பத் தேவையான காற்று 13 நாட்டிலிருந்து 11.4 நாட்டுக்குத்தான் இறங்கும். காகிதக் கணக்கு இது. தண்ணீரில் அதற்கும் குறைவாகவே கிடைக்கும், ஏனென்றால் பெரிய பாயின் எடையும் கூடுகிறது.

அதாவது நல்ல பம்பிங் தருகிற ஒன்றரை இரண்டு நாட்டைத்தான் பெரிய பாயும் தருகிறது. அதற்குக் கொடுக்கும் விலையைப் பாருங்கள். 6.5 பாய்க்கு 430 சென்டிமீட்டர் மாஸ்ட் போதும். 8.5 பாய்க்கு 460 அல்லது 490 வேண்டும். பழைய பூம் நீளாது, புதிய பூம் வேண்டும். பழைய ஃபின் சின்னதாகிவிடும். பலகை 70 சென்டிமீட்டருக்கும் குறைந்த அகலம் என்றால் அந்தப் பாயைச் சுமக்கவே சுமக்காது, வால் மூழ்கும். பாய் ஒன்று வாங்கப் போய் முழுச் செட் வாங்கி வருவீர்கள். நம் ஊரில் இந்தப் பொருட்களுக்குக் கடைகள் மிகக் குறைவு, பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டும். நீண்ட மாஸ்டை அனுப்புவதே தனிச் செலவு.

தண்ணீரிலும் சிரமம் உண்டு. விழுந்த பெரிய பாயைத் தண்ணீரிலிருந்து தூக்குவது முதுகைப் பதம் பார்க்கும். பம்ப் செய்யும்போது அதன் எடையே எதிரியாகும். 9 சதுர மீட்டர் பாயை நன்றாகப் பம்ப் செய்யத் தெரிந்தவர்கள் சிலரே. நீண்ட பூம் அலையில் முட்டும்.

பெரிய பாய் யாருக்குச் சரி? ஏற்கெனவே நன்றாகப் பம்ப் செய்யத் தெரிந்தவருக்கு, 75 சென்டிமீட்டருக்கு மேல் அகலமான பலகை கையில் இருப்பவருக்கு, உடல் எடை 85 கிலோவைத் தாண்டியவருக்கு. இவர்களும் 7.5 அல்லது 8 சதுர மீட்டரில் கேம்பர் (மாஸ்டை ஒட்டிப் பாயின் வளைவைப் பிடித்துவைக்கும் துண்டு) இல்லாத, வயிறு ஆழமான பாயைத் தேடுவது நல்லது. கேம்பர் வைத்த பாய் ஓடும்போது வடிவத்தை நன்றாகக் காக்கும், ஆனால் கனமானது, பம்ப் செய்யும்போது பதில் சொல்லத் தாமதிக்கும். பாய்க்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியைக் கார்பன் அதிகமுள்ள மாஸ்டுக்குக் கொடுத்தால் பலன் அதிகம். கையில் எடை குறையும், இழுத்து விட்டதும் மாஸ்ட் சட்டென்று நிமிரும், ஒவ்வொரு பம்பும் பயன்படும்.

அகலப் பலகை

பலகை அகலமாகும்போது நீளத்தில் மட்டும் அல்லாமல் அகலத்திலும் தண்ணீர் தாங்குகிறது. குறைந்த வேகத்திலேயே தூக்கு கிடைக்கும், வால் மூழ்காது, மேடு தாழ்வாகிவிடும். காற்று நின்றுபோனாலும் மேலே நின்று கரைக்கு வரலாம். இதை முதன்முதலில் கனவு கண்டவர்களில் ஜிம் டிரேக் முக்கியமானவர். 1960களில் ஹோய்ல் ஷ்வைட்சரோடு சேர்ந்து விண்ட்சர்ஃபர் பலகையை உருவாக்கிய விமானப் பொறியாளர் அவர். முதுமையில் ஸ்டார்போர்டு நிறுவனத்தோடு சேர்ந்து அகலப் பலகைகளில் உழைத்தார்.

அந்த வழியின் உச்சம் ஃபார்முலா என்ற பந்தயப் பலகை வகை. பலகை 1 மீட்டர் அகலம், ஃபின் 70 சென்டிமீட்டர், பாய் 11, 12 சதுர மீட்டர். தேர்ந்தவர்கள் 7, 8 நாட்டிலேயே எழுப்பிவிடுவார்கள். ஆனால் அந்தச் செட்டுக்கு ஆழமான தண்ணீரும் பந்தய வீரரின் உடலும் வேண்டும். பொழுதுபோக்குக்காக ஓடுகிறவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். இப்போது அதை வாங்குகிற பணத்துக்கு ஃபாயில் வந்துவிடும்.

நடுத்தர வழிதான் பெரும்பாலோருக்குப் பொருந்தும். 76 முதல் 85 சென்டிமீட்டர் அகலம், 130 முதல் 150 லிட்டர் கொள்ளளவு. இங்கே ஃபின்னை மறந்துவிடக் கூடாது. பலகை கூடவே வருகிற ஃபின் பல நேரம் நடுக்காற்றுக்கு அளந்தது. அதைவிட 4, 5 சென்டிமீட்டர் நீளமான ஃபின் மாட்டினால் குறைந்த வேகத்தில் பக்கவாட்டு நழுவல் நிற்கும், வாலுக்கும் தூக்கு கிடைக்கும். 7.5 பாய்க்கு 46 முதல் 48 சென்டிமீட்டர் வரை போகலாம். பாயையும் மாஸ்டையும் விட ஃபின் மலிவு. பலகை மாற்ற முடியாதவர்கள் இதை மட்டும் செய்தாலே வித்தியாசம் தெரியும்.

அகலப் பலகையின் குறை பலத்த காற்றில் தெரியும். 18 நாட்டுக்கு மேல் அது அலையில் தட்டித் தடுமாறும், மூக்கு தூக்கும். நம் கடற்கரையில் அந்தக் காற்று வரும் நாட்கள் குறைவு என்பதால் இந்தக் குறையை நான் பெரிதாக எடுப்பதில்லை.

நீளப் பலகையும் இருக்கிறது. விண்ட்சர்ஃபர் எல்டி போன்ற 3.66 மீட்டர் பலகை, நடுவில் டேகர்போர்டு (பக்கவாட்டில் நழுவாமல் தண்ணீருக்குள் இறக்கும் தகடு), 5.7 சதுர மீட்டர் பாய். 5 நாட் காற்றில் எழும்பாது, ஆனால் அழகாக வழுக்கிப் போகும். எழும்புவதே குறிக்கோள் என்றால் இதை விட்டுவிடலாம். தண்ணீரில் இருப்பதே போதும் என்பவருக்கு இதைவிட நல்ல பலகை இல்லை.

ஃபாயில்

ஃபாயில் இந்தக் கேள்வியையே மாற்றிவிடுகிறது. பலகைக்குக் கீழே ஒரு தூண், அதன் அடியில் விமானம்போல இறக்கைகள். காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தி என்பதால், சின்ன இறக்கையும் குறைந்த வேகத்தில் மனிதரையும் பலகையையும் தூக்கிவிடும். பலகை தண்ணீரை விட்டு விலகியதும் எதிர்ப்பு சட்டென்று விழுகிறது. முன்இறக்கை 1500 முதல் 2000 சதுர சென்டிமீட்டர் வரை உள்ள பொழுதுபோக்கு ஃபாயிலில், 6 அல்லது 6.5 சதுர மீட்டர் பாயுடன் 8 நாட் காற்றில் பறக்கலாம். ஃபின் பலகையில் இதே காற்றுக்குப் பத்து சதுர மீட்டருக்கு மேல் பாய் தேட வேண்டியிருக்கும்.

ஒலிம்பிக்கும் இந்த முடிவைத்தான் எடுத்தது. 2019 இலையுதிர்காலத்தில் இத்தாலியின் கார்டா ஏரியில் பல பலகைகளை வைத்துச் சோதித்துப் பார்த்த பிறகு, ஆர்எஸ்:எக்ஸுக்குப் பதிலாக ஐகியூஃபாயிலை உலகப் பாய்மர அமைப்பு தேர்ந்தெடுத்தது. 2024இல் மார்செய் கடலில் அதில்தான் பதக்கங்கள் முடிவாயின. பெண்களில் இத்தாலியின் மார்த்தா மஜெட்டியும் ஆண்களில் இஸ்ரேலின் டாம் ரூவெனியும் தங்கம் வாங்கினார்கள். இதில் ஒரு விவரம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆர்எஸ்:எக்ஸில் ஆண்களின் பாய் 9.5 சதுர மீட்டர், பெண்களுக்கு 8.5. ஐகியூஃபாயிலில் 9, 8. பாய் அரை சதுர மீட்டர் சுருங்கியது, வேகமோ கூடியது.

ஃபாயிலில் பம்பிங் வேறு மாதிரி. ஃபின் பலகையில் ஏழெட்டு இழுப்பு தேவைப்படும் இடத்தில் இங்கே இரண்டு மூன்று போதும். முன்காலால் அழுத்தி வேகம் பிடித்து, பிறகு பின்காலுக்குச் சற்று எடை மாற்றினால் பலகை எழும். எழுந்ததும் உடனே முன்காலுக்கு எடையைத் திருப்ப வேண்டும். அதை மறந்தால் பலகை மேலே மேலே ஏறி, இறக்கை தண்ணீருக்கு வெளியே வந்து, பலகை அப்படியே விழும். முதல் வாரங்களில் விழுவது நிச்சயம். தலைக்கவசம், நெஞ்சுக்கு இம்பாக்ட் வெஸ்ட் இரண்டும் இல்லாமல் போகவே கூடாது. இறக்கை முனை கூர்மையானது.

பலகையையும் பார்க்க வேண்டும். ஃபாயில் நெம்புகோலைப் போல ஃபின் பெட்டியைத் திருகும். ஃபாயிலுக்கு என்று வலுப்படுத்தாத பழைய பலகையில் மாட்டினால் பெட்டி பிளந்துவிடும். விற்பவர் 'பொருந்தும்' என்று சொன்னால் அது பெட்டியின் வடிவத்தைப் பற்றிய பதில். வலுவைத் தனியாகக் கேளுங்கள்.

கையில் பிடிக்கும் விங் ஃபாயிலை நான் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. அது வேறு விளையாட்டு. பூமும் ஹார்னஸும் பழகியவர்கள் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும், லேசான காற்றில் எழும்புவதற்கு இங்கே சொன்ன பாய் மாட்டிய ஃபாயில் அளவுக்கு அது எளிதும் இல்லை.

தண்ணீர் சொல்லும் பதில்

இவ்வளவு பார்த்த பிறகும் உங்கள் கடற்கரைதான் பாதி முடிவை எடுக்கும். ஃபாயிலின் தூண் 70 முதல் 95 சென்டிமீட்டர். இறக்கையும் சேர்ந்தால் மார்பளவுத் தண்ணீராவது வேண்டும். அதற்கும் உள்ளே, கரையோர அலை உடையும் இடத்தைத் தாண்டித்தான் ஏறிப் போக முடியும். கோவளம் போன்ற இடத்தில் கரையலை உயர்ந்த நாளில் ஃபாயிலைத் தூக்கிக்கொண்டு அதைத் தாண்டுவது ஆபத்து. அலை பலகையைப் புரட்டினால் இறக்கை உங்கள் பக்கம் வரும். அலை தணிந்த நாட்களும் அங்கே உண்டு, அவற்றைப் பார்த்துப் போக வேண்டும்.

பாக் நீரிணைப் பக்கம் கதை வேறு. அலை இல்லை, ஆனால் நெடுந்தூரம் ஆழமும் இல்லை, அடியில் கடற்புல் மேடுகள். அந்தப் புல் ஃபாயில் தூணில் சுற்றினால் பறந்துகொண்டிருந்த பலகை நின்று, நீங்கள் முன்னால் பறப்பீர்கள். நீண்ட ஃபின்னும் புல்லை வாரிக்கொள்ளும். பின்னோக்கிச் சாய்ந்த வீட் ஃபின் வைத்த அகலப் பலகையே அங்கே ஏற்றது. அந்த ஃபின்னில் நேரான ஃபின் அளவுக்கு உந்துதல் வராது, அதனால் பம்பிங் அங்கே இன்னும் அவசியம். கடற்புல் ஆவுளியாக்களின் (கடற்பசுக்களின்) மேய்ச்சல் நிலம் என்பதையும் நினைவில் வைத்து, ஆழமற்ற இடத்தில் ஃபின்னால் உழுதுகொண்டு போகாமல் நடந்து தாண்டுங்கள்.

எல்லா இடத்துக்கும் பொது: வலை. மிதவைகள் தெரியும் இடத்தில் குறுக்கே போகாதீர்கள். கடலில் இறங்குவதற்கு முன் கரையில் இருக்கும் மீனவர்களிடம் அன்றைக்கு வலை எங்கே விரித்திருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். அவர்களுக்குக் காற்று எப்போது விழும் என்பதும் தெரியும்.

யார் எதை எடுப்பது

60 கிலோ எடையுள்ளவர், 6.5 பாயும் 70 சென்டிமீட்டருக்கு மேல் அகலமான பலகையும் ஏற்கெனவே இருக்கிறது என்றால் எதையும் வாங்க வேண்டாம். பம்பிங் பழகுங்கள், ஒரு நீளமான ஃபின் வாங்குங்கள். அப்புறம் பாருங்கள்.

75 கிலோவைச் சுற்றி, பலகை ஒடுக்கமானது என்றால் பலகையை மாற்றுங்கள். பாய் 7.5ஐத் தாண்ட வேண்டாம். எடை 90 கிலோவுக்கு மேல் என்றால் 85 சென்டிமீட்டர் பலகையோடு 8.5 பாயும் சேர்த்தே வேண்டியிருக்கும். அந்த மொத்தச் செலவைக் கூட்டிப் பார்த்தால் ஃபாயில் செட்டுக்கு அருகில் வந்து நிற்கும். தண்ணீர் ஆழம் என்றால் இவர்களைத்தான் முதலில் ஃபாயில் பக்கம் அனுப்புவேன்.

ஹார்னஸில் தொங்கவும் ஸ்ட்ராப்பில் கால் வைக்கவும் இன்னும் பழகாதவர் ஃபாயிலுக்குத் தாவ நினைத்தால், தடுக்க மாட்டேன். முன்பு தடுத்திருப்பார்கள். இப்போதைய பெரிய இறக்கை ஃபாயில்கள் மெதுவாகவே எழும்புவதால் ஸ்ட்ராப் இல்லாமலே தொடங்கலாம். ஆனால் பக்கத்தில் தெரிந்தவர் ஒருவர் இருக்க வேண்டும்.

வார இறுதியில் மட்டும் கடலுக்கு வருகிறவர் இன்னொரு கேள்வியும் கேட்டுக்கொள்ளலாம்: கிடைக்கிற சில பிற்பகல்களில் எத்தனையில் காற்று 11ஐத் தொடுகிறது? ஒரு பருவம் காற்றுமானியில் அளந்து எழுதி வையுங்கள். ஜூன், ஜூலையில் மேற்குக் காற்று பலமாக இருக்கும்போது கடற்காற்று தாமதமாக வரும், சில நாள் வராமலே போகும். அந்த மாதங்களைத் தனியாகக் குறியுங்கள். பாதிக்கு மேல் 10க்குக் கீழே என்று குறிப்பு சொன்னால் பாய் விளம்பரங்களைப் பார்ப்பதை நிறுத்திவிடலாம்.

இரண்டாம் கைப் பொருள் வாங்குவதாக இருந்தால் அகலப் பலகையில் ஃபின் பெட்டியைச் சுற்றியும், மாஸ்ட் அடிக் குழியைச் சுற்றியும் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். கால் வைக்கும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், அமுங்கினால் உள்ளே நுரை தளர்ந்துவிட்டது. ஃபாயிலில் திருகுகளைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். உப்புத் தண்ணீரில் அலுமினியத் தூணும் துருப்பிடிக்காத எஃகுத் திருகும் ஒட்டிப் போயிருந்தால், கழற்றி எடுப்பதற்குள் ஃபாயிலே வீணாகிவிடும். பாயில் ஜன்னல் பகுதி வெயிலில் மங்கி நொறுங்குகிறதா என்று மடித்துப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.